ஐந்தாம் வகுப்பு வராத நாள்

தென்காசியில் நான் பெண்கள் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், ஒவ்வொரு வருஷமும் ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் எங்கள் இலாகாவின் பெரியவர்களுக்கெல்லாம் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின்மேல் திடீரென்று அக்கறை வந்துவிடும். பங்குனி வெயிலில் எட்டிப் பார்க்காதவர்கள் குடும்பத்தோடு வந்து குற்றாலத்தில் பங்களா பிடித்து, காலையில் அருவி, மத்தியானம் ஆய்வு என்று இருப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த கண் சிவப்போடு அவர்கள் ரிஜிஸ்டர்களைப் புரட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நான் வெயிலிலும் மழையிலும் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் போய், அதற்கும் வழியில்லாத இடத்துக்கு நடந்தும் போய், வருஷம் முழுக்க அதே பள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். எனக்கு யாரும் எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை.

நான் கோபக்காரி. அதை மறைத்துப் பயனில்லை. பாளையங்கோட்டையில் படித்து, கணக்கு டீச்சராக இருந்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவள். ஆள் சொல்லுவதை நம்பமாட்டேன், எழுதி வைத்ததைத்தான் நம்புவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பாதி சரி. ஒருத்தர் ஒரு நாள் பொய் எழுதலாம். ஐந்தாறு வருஷத்துக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் அது உண்மையைக் கக்கிவிடும் என்பது என் கட்சி. விரித்து வைக்க எனக்கு ஒரு பெரிய மேஜை இருந்தது. மற்றபடி அந்த வாடகை வீட்டில் சாமான் அதிகம் கிடையாது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. பள்ளிகளில் மத்தியானச் சாப்பாடு ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மேலே இருந்து ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகள் குறைந்து, படிப்பும் குறைந்து கிடக்கிற ஐந்தாம் வகுப்புகளை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்தந்த இன்ஸ்பெக்டர் கணக்கைப் பார்த்து, நேரிலும் போய்ப் பார்த்து அபிப்பிராயம் எழுத வேண்டும். என் பங்குக்கு வந்த பள்ளிகளில் ஒன்று இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலும் தென்னையுமாக இருந்த ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஓட்டுக் கட்டிடம், மூன்று டீச்சர்மார், பெண்பிள்ளைகள் மட்டும். அங்கே ஐந்தாம் வகுப்பை எடுத்தால் அந்தப் பிள்ளைகள் சிற்றாற்றைத் தாண்டி ஆண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். சாரல் காலத்தில் ஆற்றைக் கடந்து, ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கப் பத்து வயதுப் பெண்ணை அந்த ஊரில் எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். ஆகவே சேர்ப்பது என்று உத்தரவில் இருந்தாலும், நாலாம் வகுப்போடு படிப்பை முடிப்பது என்பதுதான் அதற்கு அர்த்தம். இது எனக்கு நன்றாகத் தெரியும். மேலே இருந்தவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

அந்தப் பள்ளியின் கணக்கை மேஜையில் விரித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் பிதுங்கி வழிந்தார்கள். ஆனால் வருஷக் கடைசியில் அதில் பெரும்பங்கு இரண்டாம் வகுப்புக்குப் போகவில்லை. அதே வகுப்பில் மறுபடி, அதற்கடுத்த வருஷம் மறுபடி. இப்படி நிற்கிறவர்களைத் 'தங்கிப் போனவர்' என்று ஒரு கலத்தில் எழுதுவோம். என் பொறுப்பில் இருந்த ரேஞ்சிலேயே அந்தக் கலம் அப்படி நிரம்பிய பள்ளி வேறு இல்லை. இன்ஸ்பெக்டர்கள் வந்து போன அன்று குறித்து வைக்கும் விசிட் புஸ்தகத்தின் நகலையும் வாங்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: வருகை தந்த நாளில் ஐந்தாம் வகுப்பு அநேகமாகக் காலி, வந்த ஓரிருவரும் சுமார். கணக்கும் கெட்டது, கண்ணால் பார்த்ததும் கெட்டது. இரண்டு சாட்சியும் ஒத்துச் சொன்ன பிறகு தீர்ப்புச் சொல்ல என்ன தயக்கம்?

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. தினசரி வருகை ரிஜிஸ்டரில் மட்டும் அந்த ஐந்தாம் வகுப்பு வருஷம் முழுக்க ஏறத்தாழ நிறைந்து இருந்தது. நடவு நாள், சீசன் நாள் எதுவும் அதைக் குறைக்கவில்லை. கார் நெல் நடவு சமயத்தில் வேறெந்தப் பள்ளியிலும் பெரிய பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். இங்கே மட்டும் வருவார்களாம். நான் சிரித்துக்கொண்டேன். ஆள் வராமல் ஆஜர் போடுகிறார்கள், வேறென்ன?

ஆனிக் கடைசியில் முறைப்படி நாள் குறித்துத் தகவல் அனுப்பிவிட்டுப் போனேன். அந்தக் காலத்தில் ஆய்வு நாள் என்றால் பள்ளிக்கூடத்துக்கு அது ஒரு கோயில் கொடை மாதிரி. வாசலில் கோலம், நிலையில் தென்னங்குருத்துத் தோரணம், பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய நின்றார்கள். என் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது, பிள்ளைகளைத் தவிர. ஒன்றாம் வகுப்பில் பாதி இல்லை. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் வெறும் பெஞ்சு.

தலைமை ஆசிரியை வயதானவர். பென்ஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர்.

"எங்க ஒங்க அஞ்சாங்கிளாஸ்?" என்றேன்.

"இன்னைக்குப் பாத்து வரலம்மா," என்றார்.

"போன வருஷமும் இன்னைக்குப் பாத்து வரல. அதுக்கு முந்தின வருஷமும் வரல. இன்ஸ்பெக்டர் வாரான்னு தெரிஞ்சாலே ஒங்க பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்துருமோ?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ரிஜிஸ்டரை மூடி, விசிட் புஸ்தகத்தில் எழுதாமல், ஊருக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கொடுத்த காபியையும் குடிக்கவில்லை. இருந்த கோபத்தில் அது ஒரு தண்டனை என்று எனக்கு நினைப்பு.

கூட வந்த பியூன் பஸ்ஸை நிறுத்தி வைக்க ரோட்டு வழியாக முன்னால் ஓடினார். நான் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தென்னந்தோப்பு வழியாகக் குறுக்கே நடந்தேன். சாரல் நின்று நின்று விழுந்தது. வாய்க்காலைத் தாண்டியதும் ஒரு சத்தம். ஒரு பெண்குரல் நதிகளின் பெயர்களைச் சொல்ல, பல குரல்கள் திருப்பிச் சொல்லின. நடுவே ஒரு கைக்குழந்தை வீரிட்டது. சத்தம் நின்று, தாலாட்டு மாதிரி ஏதோ கேட்டு, மறுபடி நதிகள் தொடங்கின.

தென்னைகளின் கீழே ஓலைகளை விரித்துப் பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பிள்ளை. தவழ்கிறது, தத்தித் தத்தி நடக்கிறது, விரல் சூப்பிக்கொண்டு தூங்குகிறது என்று பல தினுசு. நடுவில் ஒருத்தி, இடுப்பில் ஒரு தம்பியோடு, கையில் ஈர்க்குச்சியோடு நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குச்சியைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, சும்மா இருங்க, யாரோ வாராங்க," என்று மற்றவர்களை அதட்டிவிட்டு என்னைப் பார்த்து, "குத்தாலத்துக்குப் போணுமாம்மா? வழி தப்பிட்டீங்களா?" என்றாள். சீசனுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நான் மறுக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பக்கமாத்தான வாரீங்க? அங்கன இன்ஸ்பெக்டரம்மா போயாச்சாம்மா?"

"எதுக்குக் கேக்கே?"

"அவங்க போனப்புறந்தான் நாங்க போணும். கைப்பிள்ளையளப் பாத்தாங்கன்னா பள்ளிக்கூடத்த மூடிருவாங்களாம். பெரிய டீச்சர் சொன்னாங்க. ரொம்பக் கோவக்காரியாம்."

"ஆமா, கோவக்காரிதான்," என்றேன். "மூடுனா மூடட்டும், ஒனக்கென்ன? வீட்ல இருந்து வெளையாடலாம்லா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இவ்வளவு வயதாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்கிற பார்வை. "மூடிட்டா நா எங்கன போயிப் படிக்க?" என்றாள்.

நான்தான் அந்த இன்ஸ்பெக்டர் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்து மடியில் இருந்ததெல்லாம் அழுதன. அந்தப் பெண் மட்டும் அழவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரையும் கூட்டிக்கொண்டு நான் திரும்பிப் போனேன். அந்த ஊர்வலம் வருவதைக் கண்ட பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயை வருஷக்கணக்காகச் சோற்றில் மறைத்து வைத்திருந்தவர். அன்றைக்கு அது எழுந்து நடந்து வந்தது. நான் திட்டப்போகிறேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"இத்தன நா எப்படி நடத்துனீகளோ அப்படியே நடத்துங்க," என்றேன். "நான் பாக்கணும்."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து கயிறுகளும் பழைய சேலைகளும் வெளியே வந்தன. உதவி டீச்சர்மார் ஸ்டூலில் ஏறி உத்தரத்தில் தொட்டில்களைக் கட்டினார்கள். கட்டின வேகத்திலேயே தினமும் கட்டிப் பழகின கை என்று தெரிந்தது. ஒன்றாம் வகுப்பின் ஒரு மூலையில் பாய் விழுந்தது. கொஞ்சம் பெரிய குழந்தைகள் அதில் உட்கார்ந்து புளியங்கொட்டையை அடுக்கிக் கலைத்தன. ரிஜிஸ்டரில் ஐந்து வயது, ஆறு வயது என்று எழுதப்பட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒரு பெயருக்குத் தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் அசைந்தது.

ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு நிறைந்திருந்தது. வாசிக்கச் சொன்னேன், வாசித்தார்கள். காலால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே, திக்காமல், அர்த்தம் புரிந்து நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தார்கள். கணக்குப் போடச் சொன்னேன். தோப்பில் பாடம் நடத்தியவள் கரும்பலகைக்கு வந்தாள். தம்பி வலது இடுப்பில் இருந்தான். அவனை இடதுக்கு மாற்றிக்கொண்டு, சாக்குக்கட்டியை எடுத்து, வட்டிக் கணக்கு ஒன்றை நான் வாயால் சொல்லி முடிப்பதற்குள் பாதி போட்டுவிட்டாள். தம்பி கையை நீட்டி ஓர் எண்ணை அழித்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடி எழுதினாள். நான் எத்தனையோ பள்ளிகளைப் பார்த்தவள். தென்காசி ஊருக்குள்ளேயே இப்படி ஓர் ஐந்தாம் வகுப்பைப் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு பெரிய டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அவர் அந்த ஊருக்கு வந்த புதிதில் கைக்குழந்தையோடு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாராம். ஆத்தாமார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுவார்கள்; சீசன் வந்தால் குற்றாலத்துப் பங்களாக்களில் பாத்திரம் விளக்கவும் துணி துவைக்கவும் போய்விடுவார்கள். வீட்டில் கடைக்குட்டியைப் பார்ப்பது மூத்த பெண்ணின் பாடு. "மூணாங்கிளாஸத் தாண்டுன ஒரு பிள்ள இல்லம்மா," என்றார். "பொறவுதான் சின்னதையும் தூக்கிட்டு வாங்கட்டின்னு சொன்னேன்."

"சரி, தூக்கிட்டு வந்தா வந்துட்டுப் போகுது. ரிஜிஸ்டர்ல எதுக்கு ஏத்துனீக? வயசக் கூட்டிப் போட்டா வேல போயிரும்னு தெரியாதா?"

"தெரியும்மா. சாப்பாடு வந்துச்சுல்லா? பேரில்லாத பிள்ளைக்குச் சோறு போடக்கூடாதுன்னுட்டாக. அக்கா சாப்பிடுதா, இது வாயப் பாத்துட்டு இருக்கு. அவ தன் சோத்த இதுக்கு ஊட்டிட்டு வெறும் வயித்தோட கணக்குப் போடுதா. எனக்குப் பொறுக்கல. பேரப் போட்டுட்டேன்."

அப்படி ஏறின பெயர்கள்தான் ஒன்றாம் வகுப்பில் வருஷக்கணக்காகத் தங்கிப் போயின. மூன்று வயதுக் குழந்தை எப்படி இரண்டாம் வகுப்புக்குப் போகும்? உண்மையாகவே ஐந்து வயது ஆகும்வரை அது ஒன்றாம் வகுப்பிலேயே ஃபெயிலாகிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியின் கெட்ட கணக்கு முழுக்க இதுதான். ஆய்வு நாள் வந்தால் பயந்து குழந்தைகளைத் தோப்புக்கு அனுப்புவார். குழந்தை போனால் அதைத் தூக்குகிறவளும் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எது மாணிக்கமோ அதை முழுக்க ஒளித்துவிட்டு, வந்தவர் கண்ணுக்கு வெறும் பெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. தங்கை தம்பி இல்லாத இரண்டு பெண்கள் மட்டும் வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மேஜைக்கு முன் உட்கார்ந்தேன். கணக்கை அப்படியே அனுப்பினால் ஐந்தாம் வகுப்பு போய்விடும். உண்மையை எழுதினால் பெரிய டீச்சர் போய்விடுவார். பொய்ப் பெயர்களை அடித்தபின் பிள்ளைகள் எண்ணிக்கையும் விழுந்துவிடும். ஒன்றும் எழுதாமல் இருக்க எனக்கு வழியில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தொட்டில், புளியங்கொட்டை, சோறு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். மேலதிகாரி அந்த வாரம் வழக்கம்போல் குற்றாலத்தில் குளிக்க வந்திருந்தார். தபாலில் போடாமல் நானே கொண்டுபோய்ப் பங்களா வராந்தாவில் கொடுத்தேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர், சட்டத்தை விட்டு ஒரு நூல் விலகாதவர் என்று பேர். தலை ஈரம் காயத் துண்டைச் சுற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். "குற்றத்தையும் நீங்களே எழுதுகிறீர்கள், மன்னிக்கும்படியும் நீங்களே எழுதுகிறீர்கள். நான் எதற்கு?" என்றார்.

"நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும், சார். நாளைக்கே. சொல்லி அனுப்பாமல்."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் கொட்டுகிற சாரலில் ஜீப்பில் வந்தார். தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. பெரிய டீச்சர் கும்பிட்டார். மேலதிகாரி ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்துவிட்டு, ஐந்தாம் வகுப்பில் வந்து நின்றார். தோப்பில் பாடம் நடத்திய பெண் எழுந்தாள். தம்பி அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பியை அழைத்துவரக் கூடாது என்றால் நீ பள்ளிக்கூடம் வருவாயா?"

"எங்கன விட்டுட்டு ஐயா வருவேன்?"

"அம்மா இல்லையா?"

"அம்மை நடவுக்குப் போயிருவா. நடவு இல்லன்னா குத்தாலத்துல பங்களாவுக்குப் பாத்திரம் வெளக்கப் போவா."

அவர் தங்கியிருந்த பங்களாவிலும் யாரோ ஒருத்தி விளக்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவருக்கு அது தோன்றியதோ என்னவோ, சற்று நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பிள்ளையையும் பார்த்துக்கொண்டு படிக்கிறது கஷ்டமாக இல்லையா?"

"வீட்ல இருந்தா நாள்முச்சூடும் இவனத் தூக்கிட்டே நிக்கணும் ஐயா. இங்கன வந்தாத்தான் எறக்கி விடுதேன்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தலைமை ஆசிரியையின் அறையில் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினார். வயது குறைந்த பெயர்களை அன்றைக்கே அடிக்க வேண்டும். தலைமை ஆசிரியைக்கு எச்சரிக்கை. வேலைக்கும் பென்ஷனுக்கும் பாதகமில்லை. ஐந்தாம் வகுப்பு இருக்கலாம். நான் மெதுவாக, "அந்தத் தொட்டில்கள், சார்?" என்றேன். பேனாவை மூடிக்கொண்டே, "பள்ளிக்கூடத்து உத்தரத்தில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பது என் வேலையில்லை. நான் ரிஜிஸ்டரைப் பார்க்கிறவன்," என்றார். சாப்பாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்டத்தை விட்டு ஒரு நூல் விலகாதவர் என்று சொன்னேன் அல்லவா? அன்று அவருக்காக ஜெபம் செய்தேன்.

பிறகு நானும் பெரிய டீச்சரும் அந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பள்ளிக்கூடம் வராமல் நின்ற நிஜமான ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தோம். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள், சில வீட்டில், "வேற வேல இல்லையா ஒங்களுக்கு?" என்றார்கள். எண்ணிக்கை நிமிர்ந்தது. நான் மாதாமாதம், சொல்லாமல், அந்தப் பள்ளிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே கணக்கு எடுத்தேன். அந்தப் பெண்ணைத் தென்காசியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க அங்குள்ள பள்ளியில் முன்கூட்டியே பேசி, படிப்புச் சம்பளச் சலுகைக்கும் சொல்லி வைத்தேன். அவளுக்கும் அது தெரியும். ஒருநாள் ரோட்டில் பஸ் போவதைப் பார்த்து, தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் அந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். நான் வழி சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிக்காட்டினாள்.

பங்குனிக் கடைசியில் வருஷப் பரீட்சை முடிந்தது. முடிவைப் படிக்க நானே போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் தேறியிருந்தார்கள், அவள்தான் முதல். பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். அவள் ஓடவில்லை. கையில் ஒரு புதுப் பிள்ளை இருந்தது. தங்கச்சியாம், பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தலை நிற்காமல் அவள் தோளில் சாய்ந்து கிடந்தது. தம்பி பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"என்னய ஃபெயிலாப் போட்டிருங்கம்மா."

எனக்குப் புரியவில்லை. பெரிய டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தென்காசில கைப்பிள்ளைய உள்ள விடமாட்டாங்களாம். அம்மை கேட்டுட்டு வந்துட்டா. இங்கன இன்னொரு வருஷம் அஞ்சாங்கிளாஸ்லயே இருந்துக்கிடுதேன். இவ நடந்துருவா, அப்பொறம் போறேன். நா தேறலன்னு மட்டும் எழுதிருங்க, போதும்."

பிள்ளைகள் தேறவில்லை என்று அழுது பார்த்திருக்கிறேன். தகப்பன்மார் வந்து, தேறிவிட்டதாக எழுதச் சொல்லி மன்றாடியும் பார்த்திருக்கிறேன். முதலாவதாக வந்த ஒரு பிள்ளை, தன்னைத் தோற்றவள் என்று எழுதச் சொல்லி என் முன்னால் நின்றது அந்த ஒரு தடவைதான். நான் அங்கே போகாமல் இருந்திருந்தால் பெரிய டீச்சர் யோசிக்காமல் எழுதியிருப்பார். ஆனால் அவர் எச்சரிக்கை வாங்கியவர், அடுத்த மாதம் பென்ஷனில் போகிறவர். மேஜையில் விரித்து வைத்த விடைத்தாள்கள் நானே திருத்தியவை. என்னால் முடியாது என்று சொன்னேன். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் நான் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

"சரிம்மா," என்றாள். கும்பிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இரண்டு கையும் பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் குனிந்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனாள்.

தென்காசிப் பள்ளியில் நான் பேசினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பேசினேன். இது ஹைஸ்கூல் அம்மா, என்று சிரித்தார்கள். ஆனியில் பள்ளிகள் திறந்தன, அவள் வரவில்லை. நான் பஸ்ஸில், ஜனங்கள் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அந்த வருஷம் நான் அனுப்பிய அறிக்கையில் அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கு நேரே, தங்கிப் போனவர் ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தேன். என் ரேஞ்சிலேயே நல்ல கணக்கு அதுதான் என்று மேலிடத்தில் பாராட்டினார்கள்.